முதல் முறையாக ஒரு ஹெல்த் ஜர்னலில் இருந்து ரிவியூ செய்யக் கேட்டிருக்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?

குடமுருட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் கம்யூனிட்டி மெடிசின் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எம்.டி. முடித்து மூன்று வருடம் ஆகிறது. இதுவரை நான்கு கட்டுரைகள் வந்திருக்கின்றன, அதில் ஒன்றில்தான் என் பெயர் முதலில் இருக்கும். போன செவ்வாய்க்கிழமை ஒரு ஜர்னலின் எடிட்டரிடமிருந்து மெயில் வந்தது. வயல் வேலை செய்பவர்களின் உடல்நலம் பற்றிய ஒரு கட்டுரையை அச்சிடுவதற்கு முன்னால் மதிப்பிட்டுத் தர முடியுமா, 14 நாளில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். போலி ஜர்னல் மாதிரித் தெரியவில்லை, பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடினேன், கட்டுரைகள் வருகின்றன.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் பயம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியத்தில் படித்தவள், என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இன்னொருவர் கட்டுரையில் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தோன்றுகிறது. எழுதியவர் பெயரை மறைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் சுருக்கத்தைப் படித்ததுமே ஊரும் நடையும் தெரிந்த மாதிரி இருக்கிறது, என் தீசிஸுக்கு வழிகாட்டியாக இருந்தவருடைய கட்டுரையோ என்று சந்தேகம். எங்கள் துறைத் தலைவரோ, பி.ஜி. மாணவர் ஒருவரிடம் கொடுங்கள், அவர் எழுதட்டும், நீங்கள் ஒரு முறை பார்த்து அனுப்பிவிடுங்கள் என்கிறார். கூட வேலை செய்யும் ஒருவர், ஏ.ஐ.யில் போட்டால் பத்து நிமிடத்தில் ரிவியூ வந்துவிடும் என்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. செய்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

(திருத்தம்: முதலில் கட்டுரையின் தலைப்பையும் ஆய்வு நடந்த ஊர்களையும் இங்கே எழுதியிருந்தேன். கீழே ஐயா சொன்னதும் எடுத்துவிட்டேன்.)

பழைய வாத்தியார் எழுதியது:

அம்மா, முதல் வேலையாகத் தலைப்பையும் ஊர்ப் பெயர்களையும் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள். ரிவியூவுக்கு வரும் கட்டுரை நம்மை நம்பிக் கொடுத்த பொருள், இன்னும் அச்சேறாதது. அதில் என்ன இருக்கிறது என்று வெளியில் பேசக்கூடாது. தெரியாமல் செய்ததுதான், அதனால் உடனே சொல்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தகுதி இருக்கிறதா என்ற கவலையை விடுங்கள். எடிட்டர் உங்களைத் தேடி வந்தது பதவியைப் பார்த்து இல்லை, அந்த விஷயத்தில் நீங்கள் எழுதிய கட்டுரை அவர் கண்ணில் பட்டிருக்கும். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் ரிவியூவர்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 1998-இல் வந்தது. அதில் நல்ல ரிவியூ எழுதியவர்கள் பெரிய பேராசிரியர்கள் என்று வரவில்லை. வயதில் இளையவர்கள், எபிடெமியாலஜியோ (நோய் மக்களிடையே எப்படிப் பரவியிருக்கிறது என்று ஆராயும் படிப்பு) புள்ளியியலோ முறையாகப் படித்தவர்கள், அவர்கள்தான் நன்றாக எழுதியிருந்தார்கள். கம்யூனிட்டி மெடிசின் எம்.டி. என்றால் அந்தப் படிப்பு உங்களுக்கு இருக்கிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள், செலவழிக்கும் நேரம் சுமார் 3 மணி நேரம் வரை கூடக் கூட ரிவியூவின் தரமும் கூடுகிறது, அதற்கு மேல் உட்கார்ந்தால் பெரிய பலன் இல்லை என்று. முதல் முறை என்பதால் உங்களுக்கு ஐந்து ஆறு மணி நேரம் ஆகும், பரவாயில்லை.

வழிகாட்டி விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே எடிட்டருக்கு இரண்டு வரி எழுதுங்கள், இந்தக் கட்டுரை என் முன்னாள் வழிகாட்டியுடையதாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன், நான் தொடரலாமா என்று. பெயர் மறைத்து வந்த கட்டுரையிலும் ஆள் தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டும் என்பதுதான் ஜர்னல்களின் நெறிமுறை. தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் எடிட்டர், நீங்கள் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் நான் ஒரு முறை சொல்லாமல் செய்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் கூடப் படித்த நண்பரின் கட்டுரை வந்தது, எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நடுநிலையாகத்தான் படிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையில் ஒரு கோளாறு இருந்தது, இவர் கவனமாகத்தான் செய்திருப்பார் என்று கடந்து போய்விட்டேன். கட்டுரை வந்த பிறகு வேறு ஒருவர் எடிட்டருக்குக் கடிதம் எழுதி அதே கோளாறைச் சுட்டிக்காட்டினார். நண்பருக்குத் தலைகுனிவு, அதைத் தடுத்திருக்க வேண்டியவன் நான். இன்றும் அது உறுத்துகிறது.

பி.ஜி. மாணவர் படிப்பது நல்ல காரியம்தான், நாம் யாருமே இதை வகுப்பில் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் எடிட்டரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, ரிவியூவோடு அவர் பெயரையும் தெரிவிக்க வேண்டும். மாணவர் எழுதி நீங்கள் கையெழுத்துப் போடுவது அந்தப் பிள்ளைக்கும் அநியாயம், கட்டுரை எழுதியவருக்கும் அநியாயம். ஏ.ஐ.யைப் பொறுத்தவரை, ரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இல்லாத மென்பொருளில் கட்டுரையை ஏற்றக்கூடாது என்று மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழு 2023-இலேயே சொல்லிவிட்டது. அந்தக் கட்டுரை உங்களுடையது இல்லை அம்மா. எதற்கும் அந்த ஜர்னலின் விதியை ஒரு முறை படித்துவிடுங்கள்.

வடுவூர் ஏரி எழுதியது:

நான் ரிவியூ செய்தவன் இல்லை, ரிவியூ வாங்கியவன். மன்னார்குடி பக்கம் அரசு மருத்துவராக இருந்தபோது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பாம்புக்கடி பற்றி ஒரு கட்டுரை எழுதினோம். அது வெளிவந்துவிட்டது என்பதால் தாராளமாகப் பேசலாம்.

இரண்டு ரிவியூ வந்தன. முதலாவது நான்கே வரி. ஆங்கிலம் மோசம், புதிதாக ஒன்றும் இல்லை, நிராகரிக்கலாம், அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் அந்தக் கோப்பையே திறக்கவில்லை. இரண்டு வருட உழைப்பு அது, டூட்டி முடிந்து பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி உட்கார்ந்து எடுத்த கணக்கு.

இரண்டாவது ரிவியூ இரண்டு பக்கம். எழுதியவர் யாரென்று இன்று வரை தெரியாது, ஆனால் வயலில் கால் வைத்தவர் என்பது மட்டும் தெரிந்தது. நாங்கள் ஒரு தாலுகா மருத்துவமனையின் ஒரு வருடப் பதிவேட்டை வைத்து, டெல்டாவில் பெண்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று முடிவில் எழுதியிருந்தோம். அவர் கேட்ட கேள்வி இதுதான்: நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள், அவர்களுக்குக் கடி குறைவா, அல்லது கடிபட்ட பிறகு உங்கள் மருத்துவமனைக்கு வருவது குறைவா? நீங்கள் எண்ணியது கடிபட்டவர்களையா, வாசலுக்கு வந்தவர்களையா? கூடவே இன்னொன்று, ராத்திரியில் கடிபட்ட ஆண்கள் இத்தனை பேர் என்று போட்டிருக்கிறீர்கள், மடை திறக்கவும் மோட்டார் போடவும் இருட்டில் வரப்பில் நடப்பவர்கள் அவர்கள்தானே, அந்தத் தகவல் பதிவேட்டில் இருந்தால் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள், விளக்கும் காலணியும் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அதிலிருந்து சொல்லலாம் என்றார்.

நாங்கள் அப்படி யோசிக்கவே இல்லை. முடிவுரையை மாற்றி, மருத்துவமனைக்கு வந்தவர்களில் என்று திருத்தினோம். அதோடு நிற்கவில்லை, சம்பா அறுப்பு முடிந்த பிறகு மூன்று ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். மந்திரிக்கப் போனவர்கள், பச்சிலை கட்டிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தவர்கள், எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. நாடு முழுக்க இதே கதைதான். வீடு வீடாக இறப்புக் காரணத்தை விசாரித்த பெரிய ஆய்வு ஒன்று 2011-இல் வந்தது, இந்தியாவில் 2005-இல் மட்டும் சுமார் 46,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று அது கணக்கிட்டது. மருத்துவமனைகள் மூலம் அரசுக்குப் போன கணக்கு அதில் மிகச் சிறு பங்கு. தமிழ்நாட்டில் பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்ததே 2024 நவம்பரில்தான்.

நான் சொல்ல வருவது, உங்களுக்கு ஆங்கிலம் வருமா என்பது இரண்டாம் பட்சம். குறுவை எப்போது, தாளடி எப்போது, மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் இங்கே எந்த வாரத்தில் நடவு தொடங்கும், எந்த மாதத்தில் போய்க் கேட்டால் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், லண்டனில் உட்கார்ந்திருக்கும் எடிட்டருக்குத் தெரியாது. அவர் உங்களிடம் கேட்பது அதையும் சேர்த்துத்தான். தயவுசெய்து அதை எழுதுங்கள். அப்புறம், அந்த நான்கு வரி ரிவியூவரைப் போல மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மன்னை கணக்கு எழுதியது:

வடுவூர் டாக்டர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், புள்ளியியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். நான் பயோஸ்டாடிஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுப்பவன், வருடத்துக்கு எட்டு ஒன்பது கட்டுரைகள் பார்க்கிறேன்.

நம் பக்கத்துச் சர்வே கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் தப்பு ஒன்று உண்டு. பத்து ஊரைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு ஊரிலும் முப்பது பேரைக் கேட்டிருப்பார்கள், கணக்குப் போடும்போது மட்டும் முந்நூறு பேரையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்த மாதிரிப் போட்டிருப்பார்கள். ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள், ஒரே வாய்க்கால், ஒரே மருந்துக்கடை, ஒரே நாட்டு வைத்தியர். அதனால் முந்நூறு பேரிடம் கிடைக்கும் உண்மையான தகவல் முந்நூறுக்குக் குறைவு, அதைக் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். இன்னொன்று, எந்த நேரத்தில் போய்க் கேட்டார்கள் என்று பாருங்கள். வயல் வேலை செய்பவரைப் பற்றிய ஆய்வுக்குக் காலை 11 மணிக்கு வீட்டுக்குப் போனால் திண்ணையில் இருப்பது வயதானவர்கள்தான்.

நாற்பது விஷயங்களை ஒப்பிட்டுவிட்டு இரண்டில் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு) 0.05-க்குக் கீழே வந்தது என்று கொண்டாடியிருந்தால் நிதானமாகப் படியுங்கள், ஒன்றுமே இல்லாவிட்டாலும் தற்செயலாக நாற்பதில் இரண்டு அப்படி வரும். ஒரே சமயத்தில் கேட்ட சர்வேயை வைத்து இதனால்தான் இது வந்தது என்று காரணம் எழுதியிருந்தாலும் விடாதீர்கள். இந்த வகை ஆய்வுகளுக்கு ஸ்ட்ரோப் என்று 22 அம்சப் பட்டியல் ஒன்று இருக்கிறது, இணையத்தில் இலவசம், பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எது விடுபட்டிருக்கிறது என்று தெரியும். ஆனால் பட்டியலை வைத்து மார்க் போடாதீர்கள், எல்லாப் பெட்டியிலும் டிக் விழுந்த கட்டுரையும் தப்பாக இருக்கலாம். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் எண்ணைப் பாருங்கள். மருந்து கொடுத்துச் சோதித்த ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் பதிவு எண்ணும், பதிவு செய்த தேதியும், முதல் ஆளைச் சேர்த்த தேதியும் பார்க்க வேண்டும், 2018 ஏப்ரலில் இருந்து முன்கூட்டியே பதிவு செய்தால்தான் அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்கு உங்களுக்குப் புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி எழுத வேண்டாம். இந்தப் பகுதியை என்னால் மதிப்பிட முடியவில்லை, புள்ளியியல் தெரிந்தவரிடம் காட்டுங்கள் என்று எடிட்டருக்கு எழுதுங்கள். அது ரொம்ப உபயோகமான வரி. எல்லாத் தப்பையும் பிடித்தாக வேண்டும் என்ற பாரத்தையும் இறக்கிவையுங்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு முறை வேண்டுமென்றே 9 பெரிய தப்புகளைச் செருகிய கட்டுரைகளைத் தன் ரிவியூவர்களுக்கு அனுப்பிப் பார்த்தது, சராசரியாக அவர்கள் பிடித்தது மூன்றுக்குள்தான். 2020-இல் கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கொடுப்பது பற்றி லான்செட் மருத்துவ ஜர்னலில் வந்த கட்டுரை நினைவிருக்கும், 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகள் என்று போட்டிருந்தார்கள், மே 22-இல் வந்தது, ஜூன் 4-இல் திரும்பப் பெற்றார்கள். மூலத் தரவை ரிவியூவர்கள் பார்க்கவில்லை, அந்தத் தரவு உண்மையா என்று சரிபார்க்கவும் யாராலும் முடியவில்லை. அதனால் நீங்கள் செய்ய முடிவது, தரவு எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் கேட்பது.

நாகை செவிலி எழுதியது:

மேடம், நான் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், நர்சிங் ஜர்னல்களுக்கு ஆறு வருடமாக ரிவியூ செய்கிறேன். ஆங்கிலப் பயம் எனக்கும் இருந்தது. நான் கண்டுபிடித்த வழி, பெரிய வாக்கியமே எழுதுவதில்லை. பக்கம் இத்தனை, வரி இத்தனை, இங்கே இது எனக்குப் புரியவில்லை, இப்படி மாற்றினால் புரியும். அவ்வளவுதான். ஒரு எடிட்டர் எனக்கு நன்றி சொல்லி எழுதினார், உங்கள் ரிவியூவைத்தான் ஆசிரியர்களால் அப்படியே எடுத்துச் செயல்படுத்த முடிகிறது என்று.

எழுதுவதற்கு முன்னால் நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வேன். முதல் நாள் பேனாவே எடுக்காமல் ஒரு முறை படிப்பேன், இவர்கள் என்ன கேள்வி கேட்டார்கள், என்ன பதில் சொல்கிறார்கள் என்று மட்டும். இரண்டு நாள் விட்டு, அட்டவணைகளை மட்டும் தனியாக எடுத்துக் கூட்டிப் பார்ப்பேன். கூட்டுத்தொகை ஒத்துவராத அட்டவணை எத்தனை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அப்புறம்தான் எழுத உட்காருவேன். முதல் பத்தியில் கட்டுரை என்ன சொல்கிறது என்று என் வார்த்தையில் மூன்று வரி, அதில் எது நன்றாக இருக்கிறது என்று இரண்டு வரி. இருப்பதைத்தான் சொல்கிறேன், புகழ்வதற்காக இல்லை. எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதும் எழுதியவருக்குத் தெரிய வேண்டும் இல்லையா.

ஜர்னல் பற்றி ஒரு எச்சரிக்கை. பப்மெடில் கட்டுரை தெரிவதும் தரம் பார்த்து ஜர்னல்களைச் சேர்க்கும் மெட்லைன் பட்டியலில் ஜர்னல் சேர்க்கப்பட்டிருப்பதும் ஒன்றில்லை. மெட்லைனில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், எடிட்டர் குழுவில் இருக்கும் இரண்டு பேரைத் தேடி அவர்கள் பக்கத்திலும் இந்த ஜர்னல் பெயர் இருக்கிறதா பாருங்கள். எனக்கு எலும்பு அறுவை சிகிச்சைக் கட்டுரையை அனுப்பி 48 மணி நேரத்தில் ரிவியூ கேட்டவர்கள் உண்டு. நேரம் இல்லை என்றால் உடனே மறுத்துவிடுங்கள், அதில் தப்பில்லை, முடிந்தால் வேறு இரண்டு பேர் பெயரைச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டு இரண்டு மாதம் வைத்திருப்பதுதான் பாவம். அந்தப் பக்கம் ஒருவர் பதவி உயர்வுக்கோ பி.எச்டி.க்கோ காத்துக்கொண்டிருப்பார்.

குடமுருட்டி எழுதியது:

ஐயா, டாக்டர், சார், அக்கா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அன்றைக்கு ராத்திரியே எடிட்டருக்கு எழுதினேன், வழிகாட்டி பற்றிய சந்தேகத்தையும், பி.ஜி. மாணவி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பதையும். பதில் வந்துவிட்டது. எழுதியவர் நான் நினைத்தவர் இல்லையாம், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, தொடரலாம் என்றார். மாணவியின் பெயரை ரிவியூவோடு தெரிவித்தால் போதும் என்றும் எழுதியிருந்தார். துறைத் தலைவரிடம் அந்த மெயிலையே காட்டினேன், சரி, இரண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கள் என்றார். மெட்லைனில் ஜர்னல் இருக்கிறது அக்கா, பார்த்துவிட்டேன்.

நேற்று நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாகப் படித்து, சாயங்காலம் உட்கார்ந்து ஒப்பிட்டோம். நான் கவனிக்காத இரண்டு விஷயத்தை அவள் பிடித்திருந்தாள். என்ன என்று இங்கே சொல்லமாட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ஆசிரியருக்கு ஒரு பெட்டி, எடிட்டருக்கு மட்டும் ரகசியமாக ஒரு பெட்டி இருக்கிறது. இரண்டாவதில் என்ன எழுதுவது? அப்புறம், இந்த விஷயத்தில் நான் எழுதிய கட்டுரை ஒன்றை அவர்கள் பார்க்கவில்லை போலிருக்கிறது, அதைக் குறிப்பிடச் சொல்லலாமா?

பழைய வாத்தியார் எழுதியது:

மாணவியைச் சேர்த்துக்கொண்டது நல்ல காரியம் அம்மா.

ஆசிரியரிடம் சொல்ல முடியாததை மட்டும் எடிட்டர் பெட்டியில் எழுதுங்கள். வேறு எங்கேயோ வந்ததை எடுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது, ஒப்புதல் விஷயத்தில் சந்தேகம் இருக்கிறது, புள்ளியியலை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை, இந்த மாதிரி. ஏற்கலாமா நிராகரிக்கலாமா என்ற உங்கள் பரிந்துரையும் எடிட்டருக்குத்தான், ஆசிரியருக்கு எழுதும் பக்கத்தில் அது வேண்டாம். ஆனால் இரண்டு பெட்டியிலும் தொனி ஒன்றாக இருக்க வேண்டும். ஆசிரியரிடம் அருமையான கட்டுரை என்று எழுதிவிட்டு எடிட்டரிடம் இதைப் போடாதீர்கள் என்று எழுதினால், அந்த எடிட்டர் நிராகரிப்புக் கடிதத்தை எந்த முகத்தோடு எழுதுவார்?

உங்கள் கட்டுரையைப் பொறுத்தவரை, அதைப் படிக்காததால் அவர்கள் ஆய்வில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றால் மட்டும் சொல்லுங்கள், என்ன ஓட்டை என்றும் எழுதுங்கள். மேற்கோள் எண்ணிக்கை கூடும் என்பதற்காக இருந்தால் விட்டுவிடுங்கள். நடுவில் நிற்கிறதா, எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா, எடிட்டர் பெட்டியில், இது என்னுடைய கட்டுரை, தேவையா என்று நீங்களே பாருங்கள் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

அனுப்பி முடித்ததும் கணினியில் இருக்கும் கட்டுரைக் கோப்பை அழித்துவிடுங்கள், அச்செடுத்திருந்தால் அதைக் கிழித்துப் போடுங்கள், மாணவியிடம் இருக்கும் பிரதியையும் சேர்த்து.